ஊர் பேர் சொல்லாத பாட்டு

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது தையல்காரருக்கு உறக்கம் கிடையாது. மன்னார்குடிக் கடைத்தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில் அந்தக் கடை. இரண்டு மிஷின், ஒரு ஓவர்லாக், ஒரு வெட்டுமேசை. மேலே கொடியில் கை வைக்காத சட்டைகள் தொங்குகின்றன. இரவு ஒன்பதரைக்கும் ஆள் வந்துகொண்டிருக்கிறது. "காஜா எடுத்தா முடிஞ்சது, உக்காருங்க" என்ற வாக்கை நம்பி வந்தவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து வருஷக்கணக்கான கதைகளைப் பேசித் தீர்த்துவிடுகிறார்கள்.

அன்றைக்குப் பேச்சு நின்றுபோனதற்குக் காரணம் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர். எஃப்.எம்.மில் அதே பாட்டுகள் திரும்பத் திரும்ப வருவதைத் தையல்காரர் சலித்துக்கொண்டார். ஆசிரியர் பையிலிருந்து உள்ளங்கை அளவு ஸ்பீக்கர் ஒன்றை எடுத்து வெட்டுமேசைமேல் வைத்தார். "நான் போடறேன். எந்த ஊரு, யாரு பாடினதுன்னு மட்டும் கேக்கக் கூடாது. புடிக்கலைன்னா சொல்லுங்க, தள்ளிவிட்டுடறேன்."

முதலில் வயலின்களும் எக்காளமும் சேர்ந்து துள்ளிக்கொண்டு ஓடின. யாரும் தலை நிமிரவில்லை. இரண்டாவதாக வெண்கல மணிகளும் தட்டுகளும் சேர்ந்தொலிக்க மெதுவாக ஒரு வாத்தியக் கூட்டம். "கோயில்ல பூசை நடக்குது" என்றார் வாசற்படியில் உட்கார்ந்து பூத்தொடுத்துக்கொண்டிருந்த பூக்காரம்மா. அது ஜாவா அரசவையின் காமெலான். ராஜா உள்ளே வரும்போது வாசிக்கிற உருப்படி. பூசையோ தர்பாரோ, யாரோ பெரியவர் வருகிறார் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

பாட்டைக் கேட்கிறவர்களின் முகத்தைப் பார்ப்பதில் ஒரு தொல்லை உண்டு. நாம் பார்க்கிறோம் என்று தெரிந்தால் முகம் ரசிக்க ஆரம்பித்துவிடும். கைகால் அப்படியில்லை. அதனால் நான் தையல்காரரின் பாதத்தையும் பூக்காரம்மாவின் விரலையும் பெஞ்சின் மறுகோடியில் இருந்த தவில் வித்வானின் தொடையையும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வித்வான் ஜிப்பா வாங்க வந்தவர். ஐம்பதைத் தாண்டியவர். முகூர்த்தக் காலத்தில் வலது விரல்களில் கூடு மாட்டி மாட்டிக் காய்த்துப்போன நுனிகள். ஆப்பிரிக்கத் தாளம் ஒன்று ஓடிய இரண்டு நிமிஷமும் அந்த நுனிகள் வேட்டிமேல் சத்தமில்லாமல் ஓடின. கடைசியில், "நடை புரியுது. எடுப்புத்தான் புடிபடல" என்றார். அதற்குள் அடுத்தது வந்துவிட்டது.

காஜா எடுக்கும் பையனுக்குப் பதினெட்டு பத்தொன்பது இருக்கும். கிட்டார் ஒன்று கிறுகிறுவென்று கிளம்பியதும் ஊசியோடு எழுந்து நின்றுவிட்டான். அது சக் பெர்ரி. எழுபது ஆண்டுக்குக் கொஞ்சம் குறைவான வயதுள்ள பாட்டு என்று அவனுக்குத் தெரியாது, தெரிந்தாலும் கவலைப்பட்டிருக்க மாட்டான். தையல்காரர் ஒரு பார்வை பார்த்ததும் உட்கார்ந்தான். முழங்கால் மட்டும் உட்காரவில்லை.

பிறகு ஒரு பெண்குரல். உயரத்தில், அதற்கும் மேலே, மனிதத் தொண்டை போகக் கூடாத இடத்தில் போய்க் குத்திக் குத்தி எடுத்தது. பையன் சிரித்தான். தையல்காரரும் சிரித்தார். பூக்காரம்மா சிரிக்கவில்லை. "யாரையோ நல்லா வாங்குறா. பெத்த புள்ளையத்தான் இப்படி வாங்க முடியும்" என்றார். மொசார்ட்டின் இசைநாடகத்தில் இரவின் ராணி, தன் மகள் கையில் கத்தியைக் கொடுத்து, எதிரியைக் கொன்றுவிட்டு வா, இல்லாவிட்டால் நீ என் மகளில்லை என்று பொங்குகிற இடம் அது. ஆசிரியர் என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். எனக்குத் தெரியும் என்பதை நானும் காட்டிக்கொள்ளவில்லை.

அஜர்பைஜான் வாத்தியத்துக்கு வந்தபோது சின்னச் சண்டையே வந்தது. தழுதழுத்த குரலில் ஒற்றைக் குழல். வித்வான் பெஞ்சின் விளிம்புக்கு நகர்ந்தார். "சீவாளி வாத்தியம் சார்."

ஆசிரியர் விதியை மறந்து கையிலிருந்த தாளைப் பார்த்தார். "இல்லீங்க. பேக்பைப்னு போட்டிருக்கு. தோல்பையில காத்தை அடைச்சு ஊதறது."

"பையாவது ஒண்ணாவது. கன்னத்துல காத்தை நிறுத்தி, மூக்கால மூச்சை வாங்கிக்கிட்டு விடாம ஊதுறான். நாயனத்துக்குத் தம்பி. நான் முப்பது வருஷமா பக்கத்துல நின்னு கேக்கறேன், எனக்குத் தெரியாதா?"

தாளில் அப்படித்தான் அச்சாகியிருக்கிறது. அந்தப் பட்டியல் அமெரிக்காவில் தயாரானபோது பேக்பைப் என்றே எழுதிவிட்டார்கள். அது பாலாபான் என்ற இரட்டைச் சீவாளிக் குழல் என்பது பிற்பாடுதான் வெளியே வந்தது. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்ட ஆசிரியர், அதன்பின் அதை வெளியே எடுக்கவே இல்லை.

அந்த வெற்றியின் சூடு ஆறுவதற்குள் வித்வானுக்கு ஒரு அடி விழுந்தது. ஸ்த்ராவின்ஸ்கி. வாத்தியங்கள் எல்லாம் சேர்ந்து வெட்டுகின்றன, நிற்கின்றன, நினைக்காத இடத்தில் மறுபடியும் வெட்டுகின்றன. வித்வான் விரல்விட்டு எண்ணினார். ஐந்தில் பிடித்தார், நழுவியது. மூன்றில் பிடித்தார், இரண்டிலேயே அறுந்தது. "தாளமே இல்லாம அடிச்சா எவன் கேப்பான்? நிறுத்துங்க சார்." 1913இல் பாரிஸில் இது முதன்முதலாக அரங்கேறியபோது, கனவான்கள் கூச்சலிட்டதில் மேடையில் ஆடியவர்களுக்கே இசை கேட்கவில்லையாம். மன்னார்குடியில் ஒருவர் மட்டும்தான் கோபப்பட்டார், அதுவும் சார் போட்டு. ஆசிரியர் நிறுத்தப் போனபோது அவரே கையமர்த்தினார். "இருங்க. இருங்க. இவன் கணக்குத் தெரியாதவன் இல்ல. கணக்கை மாத்திக்கிட்டே போறான்." அதற்குமேல் எண்ணவில்லை. வாயைக் கொஞ்சம் திறந்தபடி முடியும்வரை உட்கார்ந்திருந்தார். அன்று இரவு நான் பார்த்த ஆகச்சிறந்த கேட்பு அதுதான்.

இஸ்திரிக்காரர் எப்போது வந்தார் என்று கவனிக்கவில்லை. அடுக்கிய சட்டைகளை வாங்கிப்போக வந்தவர் நின்றபடியே இருந்தார். பல்கேரிய மலைப்பெண் ஒருத்தியின் குரல், பின்னால் இந்த முறை உண்மையாகவே தோல்பை வாத்தியங்கள். முடிந்ததும் அவர், "இன்னொரு தரம்" என்றார். போட்டார்கள். முடிந்தது. "ஏன் அது புடிச்சுது?" என்று தையல்காரர் கேட்டார். "தெரியல" என்று சொல்லிவிட்டுச் சட்டைகளை எடுத்துக்கொண்டு போனார். பாட்டைப் பற்றி நான் படித்த பல கட்டுரைகளில் இந்த நேர்மை இல்லை.

பெரு நாட்டுக் கல்யாணப் பாட்டு முப்பத்தெட்டு நொடிதான். சின்னப் பெண்ணின் மெலிந்த குரல். அறியாத வயதில் கட்டிக்கொடுத்துவிட்டார்களே என்ற புலம்பல் அது. பூக்காரம்மா, "முடிஞ்சிருச்சா?" என்றார். நார் ஒரு முடிச்சில் நின்றது, பிறகு ஓடியது. சீனத்து ஏழுதந்தி வாத்தியமோ ஏழரை நிமிஷம். தையல்காரர் பொறுத்துப் பார்த்தார். "சுருதி சேத்துக்கிட்டே இருக்கானே, எப்பதான் ஆரம்பிப்பான்?" பையன் டீ வாங்கப் போனான். நானே இரண்டு தடவை கொட்டாவி விட்டேன்.

அதற்கடுத்து வந்த குரல் நம் நாட்டுடையது. கோவாவில் 1892இல் பிறந்த கேசர்பாய் கேர்க்கர், பைரவி ராகத்தில் மூன்றரை நிமிஷம். கடையில் யாரும் நம்முடையது என்று நிமிரவில்லை. பல்கேரியக்காரிக்குக் கொடுத்த அதே முகத்தைத்தான் இவருக்கும் கொடுத்தார்கள். வித்வான் மட்டும், "சிந்துபைரவிப் பக்கம் போகுது. இந்திக்காரங்க" என்றார்.

கடைசிக்கு முந்தியதில் ஒரு ஆண், சொல்லே இல்லாமல் முனகினான். கிட்டார் கம்பியில் எதையோ வைத்து இழுத்து இழுத்து அதையும் கூடவே முனக வைத்தான். குருட்டுப் பாடகர் வில்லி ஜான்சன், 1927இல் பதிந்தது. உலகத்து இசை விமரிசகர்கள் உருகி உருகி எழுதியிருக்கிறார்கள். பூக்காரம்மா நன்றாகக் கேட்டுவிட்டு, "பாவம், பல்வலி போலிருக்கு" என்றார்.

எல்லாரும் சிரித்தோம். ஆனால் தையல்காரரின் பாதம் பெடலைவிட்டு இறங்கியது அந்த ஒரு பாட்டுக்குத்தான். மிஷின் சத்தம் நின்றதை அவரே உணர்ந்ததாகத் தெரியவில்லை.

ஆசிரியர் இதற்குமேல் தாங்கமாட்டார் என்று எனக்குத் தெரிந்தது. வகுப்பெடுத்த உடம்பு. நின்றுகொண்டே சொன்னார்: 1977இல் அமெரிக்காக்காரன் வாயேஜர் என்று இரண்டு விண்கலம் விட்டான். ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் தங்கமுலாம் பூசிய செப்புத்தட்டு. வேற்றுக்கிரகத்தில் எவனாவது எடுத்தால் போட்டுக் கேட்பதற்காக, கார்ல் சாகன் தலைமையில் ஒரு குழு உலகத்திலிருந்து பொறுக்கிய 27 உருப்படிகள். நாம் கேட்டது அதிலிருந்துதான். முதல் வாயேஜர் இப்போது 2,500 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் போய்க்கொண்டிருக்கிறது. கேசர்பாயின் இசைத்தட்டு குழுவுக்குக் கிடைப்பதே குதிரைக்கொம்பாக இருந்ததாம். கடைசியில் நியூயார்க்கில் ஒரு இந்தியக் குடும்பத்தின் கடையில், மேசைக்கடியில் கிடந்த பெட்டிக்குள் அகப்பட்டது. முதல் வாயேஜர் கிளம்பிப் பதினோராம் நாள் கேசர்பாய் காலமானார்.

சட்டென்று கடை மாறிவிட்டது. பையன் ஸ்பீக்கரைப் பார்த்த பார்வையில் மரியாதை வந்தது. சுருதி சேர்க்கிறான் என்றவர், "சீனத்துக்காரன் வாசிப்பு ஆழந்தான்" என்றார். பல்வலி என்றவரோ கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கென்னவோ பல்வலியே மேல் என்று பட்டது. அது அவருடைய காதிலிருந்து வந்தது. இந்தக் கன்னத்தில் போட்டுக்கொள்வது 2,500 கோடி கிலோமீட்டருக்கு.

வித்வான் மட்டும் மசியவில்லை. "இந்திக்கார அம்மாவை எடுத்துக் குடுத்தது யாரு?"

"ராபர்ட் பிரவுன்னு ஒரு இசைப் பேராசிரியர். மிருதங்கத்துலயே ஆராய்ச்சி பண்ணினவர்."

"மிருதங்கம் படிச்சவனுக்குத் தவில் காதுல விழலையா?"

ஆசிரியர் பேச்சை மாற்றப் பார்த்து வசமாக மாட்டிக்கொண்டார். தட்டில் பாட்டு மட்டுமில்லை, 55 மொழியில் வணக்கமும் இருக்கிறது என்றார். தெலுங்கு உண்டா? உண்டு. கன்னடம்? உண்டு. சிங்களம்? அதுவும் உண்டு. தமிழ்? ஆசிரியர் செருமினார். "கார்னெல்னு ஒரு யுனிவர்சிட்டி. அவசரத்துல, பெரும்பாலும் அங்க அக்கம்பக்கத்துல கிடைச்சவங்களை வெச்சுப் பதிஞ்சிருக்காங்க..."

"ஒரு தமிழன்கூடவா அகப்படலை, அண்ணே?" என்று தையல்காரர் வித்வானிடம் கேட்டார், குற்றம் அவருடையது என்பதுபோல.

பூக்காரம்மா நடுவே வந்தார். "வணக்கம்னு மட்டுந்தான் சொல்லி அனுப்பினாங்களாக்கும்?"

"சீனத்துல ஒரு பக்கத்துப் பேச்சுல, சாப்பிட்டீங்களா, ஒழிஞ்சா வந்துட்டுப் போங்கன்னு ஒரு அம்மா சொல்லியிருக்காங்க."

"அப்புறம் என்ன? கேக்க வேண்டியதைக் கேட்டாச்சு."

"கேட்டது நாம இல்லையே!" என்றார் வித்வான். ஜிப்பா தயாராகி அரைமணி ஆகியும் அதை வாங்கிக்கொள்ளாமல், நாயனமும் தவிலும் சேர்த்து அனுப்புவதென்றால் மல்லாரியா, இல்லை, தனி ஆவர்த்தனமா என்று ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். மல்லாரிதான் என்று ஆசிரியர் சொன்னதும், தனிதான் சரி என்று சண்டை பிடிக்க ஆரம்பித்தார்.