ஆசனத்தின் உயரம்

யாழ்ப்பாணத்திலே ஒருவர் எங்கே அமர்கிறார், எவ்வளவு உயரத்தில் அமர்கிறார் என்பது என்றுமே சிறிய விடயமாக இருந்ததில்லை. திண்ணை யாருக்கு, முற்றம் யாருக்கு, கதிரை யாருக்கு, வெறுந்தரை யாருக்கு என்ற கணக்கிலேயே எமது சமுதாயம் நெடுங்காலம் தன் நீதியை எழுதி வைத்திருந்தது. ஆகவே, உயர்ந்த ஆசனத்தையே தன் முதற் பெருமையாகக் கொண்டு விற்பனையாகும் ஒரு மோட்டார் வண்டியைப் பற்றி எழுதும்போது, எஞ்சினையும் பிறேக்கையும் மட்டும் வியந்து நிறுத்திவிட எம்மால் இயலாது.

அத்தகைய வண்டி ஒன்று ஈராண்டுகளாகத் தெல்லிப்பழையில் எமது வளவில் நிற்கிறது. பெயர் றேஞ்ச் றோவர் ஸ்போர்ட். 2013ஆம் ஆண்டில் அறிமுகமான இரண்டாம் தலைமுறையைச் சேர்ந்தது. ஆசிரியத் தொழிலில் ஈட்டிய பணத்தைக் கொண்டு இதனை வாங்க முடியாது என்பதை வாசகர் நன்கறிவர். கொழும்பில் வணிகம் செய்துவந்த மைத்துனர் குடும்பத்தோடு கடல் கடந்தபோது எமது பெயருக்கு மாற்றிவிட்டுப் போனார். காப்புறுதியும் வருடாந்த அனுமதிப்பத்திரமும் இன்று எமது பெயரிலேயே உள்ளன. ஊரார் இந்த நீண்ட பெயரையெல்லாம் பொருட்படுத்துவதில்லை. 'ஜீப்' என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகின்றனர்.

இதனை ஓட்டுவதில் இன்பம் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. ஆறு சிலிண்டர்களைக் கொண்ட மூன்று லீற்றர் டீசல் எஞ்சின். தானாகவே மாறிக்கொள்ளும் எட்டுக் கியர்கள். இரும்பு வில்லுகளுக்குப் பதிலாகக் காற்றடைத்த தாங்கிகள். இரண்டு தொன்னுக்கு மேற்பட்ட இந்தப் பாரம், கால் மிதியைச் சற்றே அழுத்தியதும் ஓசையின்றி முன்னே பாய்கிறது. மழைக்குப் பின் குண்டும் குழியுமாகிவிடும் செம்பாட்டு ஒழுங்கையில், ஒரு பொத்தானை அழுத்தினால் வண்டி தன் உடலை உயர்த்திக்கொள்கிறது. வளைவில் திரும்பும்போது, இவ்வளவு உயரமான ஒன்று சாயவேண்டிய அளவுக்குச் சாய்வதில்லை. 'ஸ்போர்ட்' என்ற சொல்லுக்குப் பொருள் இதுவே: பாரமான பொருள் ஒன்று தன் பாரத்தைச் சாரதியிடமிருந்து மறைத்துவிடுகிறது.

ஆனையிறவைக் கடந்து ஏ9 வீதியில் தெற்கே போகும்போது இந்த மறைப்பு இன்னும் தெளிவாகப் புலப்படும். எமது பழைய சிறிய காரில் அறுபது கிலோமீற்றர் வேகத்திலேயே கதவுகள் நடுங்கும், காற்று இரையும், உடம்பு முழுவதும் வேகத்தை உணரும். இங்கோ நூறைத் தாண்டினாலும் உடம்புக்குத் தெரிவதில்லை. வேகமானியின் முள்ளே சொல்லவேண்டும். வேகம் இருமடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும் என்று பாடசாலைப் பௌதிக நூலில் நாம் கற்பிக்கிறோம். அந்த நான்கு மடங்கு எங்கேயும் போய்விடவில்லை. அது தோலுறையிட்ட ஆசனத்தில் இருப்பவருக்கு மட்டும் மறைக்கப்பட்டுள்ளது. வீதியில் நிற்பவருக்கு அப்படியே எஞ்சியிருக்கிறது.

நெடுஞ்சாலையிலும் பார்க்க எமது ஒழுங்கைகளில்தான் இவ்வண்டி எமக்கு அதிகம் கற்பித்தது. காங்கேசன்துறை வீதியிலிருந்து உள்ளே திரும்பினால், ஒருபுறம் மதில், மறுபுறம் கிடுகு வேலி. நடுவே ஒரு மாட்டுவண்டி போவதற்கு அளந்து விட்டதுபோன்ற பாதை. இவ்வண்டி நுழைந்ததும் பாதை நிறைந்துவிடுகிறது. எதிரே சைக்கிளில் வருபவர் இறங்கி வேலியோடு ஒட்டி நிற்கிறார். கீரைக்கட்டோடு வரும் மூதாட்டி, படலையைத் திறந்து யாரோ ஒருவருடைய வளவுக்குள் ஏறி நிற்கிறார். நாம் ஹோன் அடிப்பதில்லை. அதன் வேலையை வண்டியின் உருவமே செய்துவிடுகிறது.

ஒருநாள் அவ்வாறு ஒதுங்கி நின்ற மூதாட்டியின் அருகே நிறுத்திக் கண்ணாடியை இறக்கினோம். எமது பிள்ளைப் பருவத்திலிருந்தே எம்மை அறிந்தவர் அவர். "நீங்களே வாத்தியார்! ஆரோ பெரிய ஆக்கள் எண்டெல்லோ ஒதுங்கினனான்" என்று சிரித்தார். நாமும் சிரித்தோம். ஆனால், அந்தச் சொல் எம்மை விட்டு அகலவில்லை. சைக்கிளில் போனபோது எம்மை நிறுத்தி, வீட்டுச் சுகத்தையும் ஊர்ப் புதினத்தையும் கேட்டறிந்தவர் அவர். இடையில் எமது அறிவோ பண்போ ஓர் அங்குலமும் உயரவில்லை. உயர்ந்தது ஆசனம் மட்டுமே. அந்த உயரத்துக்கு ஒதுங்கி வழிவிட வேண்டும் என்பதை அவருடைய கால்கள் எவ்வளவு காலத்துக்கு முன்பே கற்றுவைத்திருந்தன!

இதற்கு ஒரு வரலாறு உண்டு. யாழ்ப்பாணத்து ஒடுக்கப்பட்ட மக்கள் பஸ்வண்டியின் ஆசனத்தில் அமரத் தடுக்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது. காசு கொடுத்துப் பயணம் செய்தாலும் இருக்கை அவர்களுக்கு இல்லை. வாடகைக் கார்களின் கதவும் அவர்களுக்கு மூடியிருந்தது. 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. 1958 ஜனவரி முதலாந் திகதி பஸ் சேவை இலங்கைப் போக்குவரத்துச் சபையின் கீழ் நாட்டுடைமையாயிற்று. சட்டம் வந்துவிட்டதால் மனம் மாறிவிடவில்லை என்பதை, 1968இல் எமக்கு அயலிலுள்ள மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவிலின் வாசலில் நிகழ்ந்த ஆலயப் பிரவேசப் போராட்டம் நாட்டுக்கு உணர்த்தியது. எனினும், பத்துச் சதத்துக்கு வாங்கிய பயணச்சீட்டு, 'இந்த இருக்கை யார் வந்தாலும் ஒன்றே' என்று சொல்லும் உரிமையை ஏழை மனிதனின் கையில் கொடுத்தது. பிறப்பின் பேரால் இருந்த உயர்ந்த ஆசனம் அவ்வாறு ஆட்டங்கண்ட மண்ணில்தான், பணத்தின் பேரால் மற்றோர் உயர்ந்த ஆசனம் இன்று வந்து நிற்கிறது. பழைய ஆசனத்துக்கு ஒதுங்கிப் பழகிய கால்கள் புதியதற்கும் ஒதுங்குகின்றன.

உயரம் என்பது வெறும் கௌரவத்தோடு நின்றுவிடவுமில்லை. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்புறுதி நிறுவகம், நடந்து செல்வோர் மீது வாகனங்கள் மோதிய ஏறத்தாழ 18,000 சம்பவங்களை ஆராய்ந்து, 2023இல் ஒரு முடிவை வெளியிட்டது. முன்மூடியின் உயரம் 40 அங்குலத்துக்கு மேற்பட்ட வாகனங்கள், 30 அங்குலமோ அதற்குக் குறைவோ உயரமுடைய சரிந்த முகப்புள்ள வாகனங்களிலும் பார்க்க, மோதப்பட்டவரைக் கொல்லும் வாய்ப்பு ஏறத்தாழ 45 சதவீதம் அதிகம் என்பதே அம்முடிவு. நாற்பது அங்குலம் என்பது நான்கு வயதுப் பிள்ளையின் உயரம். தாழ்ந்த கார் காலில் மோதும். உயர்ந்தது நெஞ்சிலும் தலையிலும் மோதும். காலை வேளையில் மகாஜனாவுக்கும் யூனியனுக்கும் செல்லும் பிள்ளைகள் சைக்கிளிலும் நடையிலுமாகக் காங்கேசன்துறை வீதியை நிறைத்துச் செல்லும்போது, ஆசனத்தில் சற்று எழுந்து எட்டிப் பார்த்தே நாம் வண்டியை நகர்த்துகிறோம். மிகத் தொலைவில் உள்ளதை நன்றாகக் காட்டும் உயரம், மிக அருகில் உள்ளதை மறைத்துவிடுகிறது. இவ்வண்டியைப் பற்றி எம்மால் சொல்லக்கூடிய மிக உண்மையான செய்தி இதுவே.

இதன் முன்னோர் இத்தகையவர் அல்லர். 1948இல் முதலாவது லாண்ட் றோவர் வெளிவந்தபோது அது உழவனுக்கான வண்டி. போருக்குப் பின் பிரித்தானியாவில் உருக்குத் தட்டுப்பாடு. ஆகவே உடலை அலுமினியத்தால் செய்தனர். வயலில் இழுக்கவும், இயந்திரங்களைச் சுழற்றவும், சேற்றில் இறங்கி ஏறவும் ஏற்றதாக அதனை வடிவமைத்தனர். 1970இல் றேஞ்ச் றோவர் வந்தது. 2005இல் 'ஸ்போர்ட்' பிறந்தது. 2008இல் அந்த ஆங்கிலப் பெயர் முழுவதையும் இந்தியாவின் ராட்டா முதலாளிகள் விலைக்கு வாங்கிக்கொண்டனர். முதலாளிக்கு நாடு இல்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? சேற்றுக்காகப் பிறந்தது கண்ணாடி மாளிகையில் காட்சிப்பொருளாயிற்று. எமது ஊரில் அந்தப் பழைய லாண்ட் றோவரின் கடமையை இன்று செய்வது, வெங்காயமும் வாழைக்குலையும் மனிதரும் ஏறிவரும் இருசில்லு 'லாண்ட் மாஸ்ரர்' உழவியந்திரமே. அதன் சாரதியின் ஆசனம் ஒரு பலகை. அதற்கு எவரும் வேலியேறி ஒதுங்குவதில்லை. கைகாட்டி நிறுத்தி ஏறிக்கொள்கின்றனர்.

எரிபொருளின் கணக்கையும் பார்க்கவேண்டும். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் வடக்குக்குப் பெற்றோல் வர அனுமதி இருக்கவில்லை. ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மொறிஸ் மைனரும் சில துளி பெற்றோலில் கிளம்பி, மண்ணெண்ணெயில் புகைந்து புகைந்து ஓடி, நோயாளரையும் கர்ப்பிணிகளையும் ஏற்றிச் சென்றன. சாதாரண மெக்கானிக் ஒருவர் திறந்து பார்த்து விளங்கிக்கொள்ளக்கூடிய எஞ்சின்கள் அவை. இன்றைய இந்த வண்டியின் பாதி நிறையளவே கொண்டவை. பின்னர், 2022இல் நாடு தன் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாது என்று அறிவித்தபோது, தெற்கும் அந்த வரிசையை அறிந்தது. அவ்வாண்டின் பங்கீட்டு முறை தொடங்கியபோது காருக்கு வாரம் 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர். ஊர்ப் பாதைகளில் இவ்வண்டி அந்த 20 லீற்றரை நாலைந்து நாளில் குடித்துவிடும். உலகத்தின் கதையும் இதுவே. 2023இல் உலகெங்கும் விற்பனையான கார்களில் 48 சதவீதம் இவ்வகை உயர்ந்த வண்டிகள் என்று சர்வதேச எரிசக்தி முகவரகம் கணக்கிட்டது. ஒருவரை ஏற்ற இரண்டு தொன் இரும்பையும் அலுமினியத்தையும் நகர்த்தும் நாகரிகம், தான் விடும் புகையை யாருடைய கடற்கரைக்கு அனுப்புகிறது என்று கேட்கவேண்டிய காலம் இது.

இவ்வளவு வலிமை கொண்ட வண்டி நின்றுவிட வேண்டிய இடங்களும் எமது பிரதேசத்தில் உண்டு. 1990 முதல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர்; வீதிகள் உயர்பாதுகாப்பு வலயத்துள் அடங்கின. முட்கம்பிக்கு முன்னால் எத்தனை குதிரைவலு இருந்தென்ன? அங்கே சைக்கிளும் றேஞ்ச் றோவரும் ஒன்றே. காங்கேசன்துறைக்குப் புகையிரதம் மீண்டும் வந்தது 2015இல். தெல்லிப்பழைக்குக் கிழக்கே வசாவிளானிலிருந்து பலாலிக்குச் செல்லும் பிரதான வீதி, 34 ஆண்டுகளின் பின், 2025 ஏப்பிரல் 10ஆந் திகதி திறக்கப்பட்டது. திறந்தபோது நிபந்தனைகளும் அறிவிக்கப்பட்டன. காலை 6 மணி முதல் மாலை 5 மணி வரை மட்டுமே போகலாம். வேகம் மணிக்கு 40 கிலோமீற்றரைத் தாண்டலாகாது. இடையில் நிறுத்தலாகாது, திரும்பலாகாது, படம் பிடிக்கலாகாது. நடந்து செல்வது முற்றாகத் தடை.

அந்நாட்களில் நாமும் அவ்வீதியால் போனோம். மணிக்கு இருநூறு கிலோமீற்றர் ஓடக்கூடிய எஞ்சின் நாற்பதில் முனகியது. முன்னே ஒரு பஸ்வண்டி. அதன் பின்னே நாம். இருவருக்கும் ஒரே வேகம். அந்தச் சமத்துவம் எமக்குக் கசக்கவில்லை. கசந்தது வேறொன்று. இருபுறமும் பற்றை மண்டிய காணிகளைக் கண்ணாடிக்குள் இருந்தே பார்த்தோம். அந்தக் காணிகளில் பிறந்து, கிணறு வெட்டி, புகையிலையும் வெங்காயமும் விளைவித்தவர்கள் முகாம்களிலும் உறவினர் வளவுகளிலும் முதுமையடைந்துவிட்டனர். அவர்களுள் ஒருவர் தம் கால்களால் அவ்வீதியில் வர விரும்பினால் அதற்கு அன்று இடமிருக்கவில்லை. உருளும் சில்லு இருந்தவர் உள்ளே வர முடிந்தது. கால் மட்டும் இருந்தவர் வெளியே நிற்கவேண்டியிருந்தது. முன்னொரு காலத்தில் ஆசனத்தில் அமரத் தகுதியில்லை என்று மனிதரைத் தரையில் இருத்தினர். இங்கோ ஆசனம் இல்லாதவருக்குத் தரையே மறுக்கப்பட்டது. உயர்ந்த ஆசனத்தில் இருந்து அதனைக் கடந்து போனபோது, எமது உயரம் எமக்கு ஒரு பாரமாகவே இருந்தது.

கால்களால் இந்த நாட்டில் என்ன செய்ய முடியும் என்பதற்குத் தெல்லிப்பழையிலேயே ஒரு சாட்சி எழுந்து நிற்கிறது. 2011ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், இலங்கையின் தென்முனையான தெய்வேந்திரமுனையிலிருந்து வடமுனையான பருத்தித்துறை வரை 670 கிலோமீற்றர் தூரத்தை 27 நாட்களில் மக்கள் நடந்து கடந்தனர். போர் ஓய்ந்து இரண்டே ஆண்டுகள். சிங்களரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே வெயிலில் நடந்தனர். அந்த நடையால் திரண்ட நிதியைக் கொண்டு எழுந்ததே தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை. 2013இல் அது திறக்கப்பட்டது. இன்று வன்னியிலிருந்தும் தீவுகளிலிருந்தும் நோயாளர் பஸ்வண்டியில் வந்து இறங்கி, கடைசிச் சிறு தூரத்தை மெல்ல மெல்ல நடந்து அதன் வாசலை அடைகின்றனர். அவர்களுக்கு வேண்டியது நிழலுள்ள நடைபாதை; நேரத்துக்கு வரும் பஸ்; அதில் அமர்வதற்கு ஓர் ஆசனம்.

ஒரு நாட்டின் வளர்ச்சியை அதன் வீதியில் ஓடும் மிக விலையுயர்ந்த வண்டியைக் கொண்டு அளப்போர் உளர். அந்த வண்டியைச் சொந்தமாக வைத்திருக்கும் நாம் சொல்கிறோம்: அந்த அளவுகோல் பொய்யானது. வீதியை அமைத்தது பொதுப்பணம். கல் சுமந்தது உழைப்பாளியின் தோள். அது கடந்து செல்வது பலருடைய இழந்த காணிகளை. ஆகவே அவ்வீதியில் முதலுரிமை, மிக மெதுவாகச் செல்பவருக்கே உரியது. எங்கள் ஊர்களின் ஒவ்வொரு வீதியும், எந்த நேரத்திலும், எவருக்கும் வழிவிட்டு வேலியில் ஒட்டாமல், வெறுங்காலோடு ஒரு மனிதர் நடந்து தம் காணியை அடையக்கூடியதாகும் நாளில், அந்த வீதி உண்மையில் திறந்துவிட்டது என்று சொல்லலாம்.