தறி நின்ற கூடத்தில் பாட்டுச் சத்தம்! - குறிஞ்சிப்பாடியில் ஒரு ஸ்பீக்கர் ஒயர் கதை

கடலூரில் விருத்தாசலம் பஸ்ஸில் ஏறினால், குள்ளஞ்சாவடி தாண்டிக் கொஞ்ச நேரத்தில் "குறிஞ்சிப்பாடி எல்லாம் எறங்கு" என்று கண்டக்டர் குரல் கொடுப்பார். இறங்காமல் உட்கார்ந்திருந்தால் அடுத்து வடலூர், அதற்கப்பால் நெய்வேலி. வடலூர் தருமசாலையில் 1867-ல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எரிந்து மின்சாரமாகிறது. இந்த இரண்டு நெருப்புக்கும் பக்கத்து ஊர் குறிஞ்சிப்பாடி.

ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது கைலி. தெருவுக்குள் நுழைந்தாலே தறிச் சத்தம் கேட்ட காலம் ஒன்று உண்டு. காலையில் தெருவில் நீளமாகப் பாவு கட்டியிருக்கும். சைக்கிள்காரர் இறங்கித் தள்ளிக்கொண்டு போவார். விசைத்தறி வந்த பிறகு கைத்தறிகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. பல வீடுகளில் தறிக்குழியை மூடி சிமென்ட் பூசிவிட்டார்கள்.

அப்படி மூடிய ஒரு தறிக்கூடத்தில்தான் இப்போது இரண்டு டவர் ஸ்பீக்கர்கள் நிற்கின்றன.

குவார்ட்டர்ஸ் போனது, ஒயர் நீண்டது

வீட்டுக்காரர் நெய்வேலி முதல் அனல் மின் நிலையத்தில் மின்பிரிவில் வேலை பார்த்தவர். 1962-ல் மின்சாரம் தரத் தொடங்கி, 600 மெகாவாட் வரை வளர்ந்து, 2020-ல் மூடப்பட்ட அதே நிலையம். ஓய்வு பெற்றால் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். இத்தனை வருடம் வாழ்ந்த வீட்டின் சாவியைக் கொடுத்துவிட்டு, மனைவியின் பிறந்த ஊரான குறிஞ்சிப்பாடிக்கு வந்துவிட்டார்கள். அவருடைய மாமனாரின் தறிக்கூடம்தான் இப்போது அவர்கள் வீட்டு ஹால்.

குவார்ட்டர்ஸ் அறையில் ஆம்பிளிஃபையருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே இரண்டு மீட்டர் ஒயர் போதுமாக இருந்தது. தறிக்கூடம் நீளமானது. பிளக் பாயின்ட் ஒரு கோடியில், உட்காரும் இடம் மறுகோடியில். சுவர் ஓரமாகச் சுற்றிக் கொண்டுவந்தால் ஒரு பக்கத்துக்கு ஒன்பது மீட்டர். பழைய மெல்லிய ஒயரையே முடிச்சுப் போட்டு நீட்டினார். பாட்டு வந்தது. ஆனால், பேஸ் தொளதொளவென்று இருந்தது.

மகன் வாங்கிக் கொடுத்த ஸ்பீக்கர்கள் அவை. பின்னால் இரண்டுக்குப் பதில் நான்கு டெர்மினல்கள். சென்னையில் ஒரு கடையில் விசாரித்தபோது, "இது பை-வயரிங் ஸ்பீக்கர் சார். ரெண்டு ஜோடி ஒயர் போட்டாதான் முழு சவுண்டும் வரும்" என்று சொல்லி, ஒரு விலையும் சொன்னார்கள். அது அவருடைய ஒரு மாத பென்ஷனைத் தாண்டியது.

"ஏங்க, ஒயருக்கா இவ்ளோ காசு? அதுல தங்கமா ஓடுது?" என்று கேட்டார் மனைவி.

"தங்கம் இல்லம்மா, செம்புதான்" என்றார் அவர். அந்தப் பதிலிலேயே அவருக்குச் சந்தேகமும் பிறந்தது.

எண் கூடினால் மெலிசா, தடிப்பா?

நெசவு வீட்டில் பிறந்தவர்களுக்கு நூல் கவுண்ட் தெரியும். 40-ஆம் நம்பர் நூலைவிட 80-ஆம் நம்பர் மெலிசு. அமெரிக்க ஒயர் அளவான கேஜும் அப்படித்தான். எண் கூடக்கூட ஒயர் மெலியும். ஆனால், நம் ஊர் எலெக்ட்ரிகல் கடையில் ஒயரைச் சதுர மில்லிமீட்டரில் விற்கிறார்கள். அதில் எண் கூடினால் தடிப்பு. இணையத்தில் படித்துவிட்டுக் கடைக்குப் போகிறவர்கள் முதலில் குழம்புவது இங்கேதான்.

கணக்கு எளிது. வளையக்கூடிய செம்பு ஒயருக்கு, 1,000 மீட்டருக்கு இவ்வளவுதான் மின்தடை இருக்கலாம் என்று தரநிர்ணயம் உண்டு. 0.5 சதுர மி.மீ. ஒயருக்கு 39 ஓம். 1.5-க்கு 13.3 ஓம். 2.5-க்கு 7.98 ஓம். 4-க்கு 4.95 ஓம். மின்சாரம் போய்த் திரும்ப வேண்டும் என்பதால் ஒன்பது மீட்டர் தூரத்துக்கு 18 மீட்டர் என்று கணக்குப் போட வேண்டும்.

அவர் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் போட்ட கணக்கு இது: பழைய 0.5 ஒயரில் 0.7 ஓம். 1.5 என்றால் 0.24 ஓம். 2.5 என்றால் 0.14 ஓம். ஒயரின் தடை ஸ்பீக்கரின் ஓம் அளவில் 5 சதவிகிதத்துக்குள் இருந்தால் போதும் என்பது பொதுவான விதி. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 0.4 ஓம் வரை போகலாம். பழைய ஒயர் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது. 1.5 தேறுகிறது. 2.5 தாராளம்.

தடை கூடினால் சத்தம் மட்டும் குறைவதில்லை. ஸ்பீக்கரின் ஓம் அளவு எல்லா ஸ்வரத்துக்கும் ஒன்றாக இருக்காது. ஓர் இடத்தில் ஏறும், ஓர் இடத்தில் இறங்கும். மெல்லிய ஒயர் போட்டால் இறங்கும் இடங்களில் சத்தம் கூடுதலாக அமுங்கி, பாட்டின் நிறமே மாறும். கோனை இழுத்துப் பிடிக்கும் ஆம்பிளிஃபையரின் பிடியும் தளரும்.

சவுண்ட் சர்வீஸ் சொல்லும் பாடம்

அப்படியென்றால் வடலூர் தைப்பூசத்துக்கு ரோடு நெடுக ஹார்ன் கட்டுகிறார்களே, அந்த ஒயர் மெலிசுதானே? ஊர் சவுண்ட் சர்வீஸ்காரர்களுக்கு இதற்குப் பதில் தெரியும். ஒவ்வொரு ஹார்னிலும் ஒரு லைன் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. ஆம்பிளிஃபையர் 100 வோல்ட் லைனில் அனுப்புகிறது. 100 வாட்டை 100 வோல்ட்டில் அனுப்பினால் ஒரு ஆம்பியர்தான் ஓடும். அதே 100 வாட்டை நேராக 8 ஓம் ஸ்பீக்கருக்கு அனுப்பினால் மூன்றரை ஆம்பியர் ஓடும். ஒயரில் வீணாவது ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால் லைனில் இழப்பு பன்னிரண்டில் ஒரு பங்குதான்.

நெய்வேலி மின்சாரம் வெளியூருக்குப் போவதும் இதே சூத்திரத்தில்தான். அதற்காகத்தான் 230 கிலோவோல்ட், 400 கிலோவோல்ட் என்று ஏற்றி அனுப்புகிறார்கள். வாழ்நாள் முழுவதும் அந்த வேலையில் இருந்தவருக்கு வீட்டு ஸ்பீக்கர் கணக்கு பிடிபட அதிக நேரம் ஆகவில்லை. வீட்டில் வோல்டேஜை ஏற்ற வழியில்லை. ஒயரைத் தடிப்பாக்கலாம், அவ்வளவுதான்.

பை-வயரிங்: நான்கு ஆணியின் ரகசியம்

ஸ்பீக்கர் பெட்டிக்குள் கிராஸ்ஓவர் என்ற சின்ன போர்டு இருக்கிறது. கனத்த ஒலியை வூஃபருக்கும் கீச்சொலியை ட்வீட்டருக்கும் பிரித்துக் கொடுப்பது அதன் வேலை. நான்கு டெர்மினல் உள்ள பெட்டியில் அந்த இரண்டு பாதிக்கும் தனித்தனி வாசல் வைத்திருக்கிறார்கள். வாங்கும்போது உலோகப் பட்டை ஒன்று இரண்டையும் இணைத்திருக்கும். பட்டையைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு வாசலுக்கும் ஆம்பிளிஃபையரிலிருந்து தனி ஒயர் இழுப்பதுதான் பை-வயரிங்.

ஆனால், இரண்டு ஒயரும் மறுமுனையில் ஆம்பிளிஃபையரின் ஒரே ஆணியில்தான் போய்ச் சேருகின்றன. புதிதாக எந்தச் சக்தியும் வருவதில்லை. கிடைப்பது கூடுதல் செம்பு மட்டும். அதற்கு இன்னொரு வழியும் உண்டு. இரண்டு 2.5 ஒயர் இழுத்தால் வூஃபர் பாதையில் 0.14 ஓம். பட்டையை வைத்துக்கொண்டு ஒரே 4 சதுர மி.மீ. ஒயர் இழுத்தால் 0.09 ஓம். ஒற்றை ஒயரே ஜெயிக்கிறது. இரண்டு ஆம்பிளிஃபையர் வைத்துத் தனித்தனியாக ஓட்டும் பை-ஆம்பிங் என்பது வேறு சங்கதி.

1991-ல் ஃபிரெட் டேவிஸ் என்பவர் ஆடியோ இன்ஜினீயரிங் சொசைட்டியின் இதழில், பல வகை ஸ்பீக்கர் ஒயர்களை அளந்து ஒரு கட்டுரை எழுதினார். ஒயரின் தடையும் தூண்டலும் குறைவாக இருப்பதே முக்கியம் என்பது அதன் சாரம்.

பிளேடால் ஒரு கீறல்

கடைசியில் அவர் வாங்கியது ஊர் எலெக்ட்ரிகல் கடையில், ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்ட 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயர். சிவப்பு, கறுப்பு இரண்டையும் கயிறு போல முறுக்கிக்கொண்டார். முறுக்கினால் தூண்டல் குறையும், காலிலும் சிக்காது.

வாங்கும் முன் ஒரு இழையை பிளேடால் கீறிப் பார்த்தார். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை என்றால் அது செம்பு பூசிய அலுமினியம். எடையும் லேசாக இருக்கும். அதே அளவில் தடை ஒன்றரை மடங்கு ஆகிவிடும். வெளியே வெள்ளை, உள்ளே செம்பு என்றால் ஈயம் பூசிய நல்ல செம்பு. அதில் பயமில்லை. கடல் காற்று எட்டும் ஊர் என்பதால் திறந்த முனையில் களிம்பு ஏறும். வருடத்துக்கு ஒருமுறை நுனியை வெட்டிப் புதிதாகச் சீவி மாட்டினால் போதும். பிளக்கோ, வெறும் ஒயரோ, இறுக்கமாக உட்கார்ந்திருக்க வேண்டும்.

"சிதறிப் போயிருக்காரு!"

இருந்தாலும் நான்கு டெர்மினல் அவரை விடவில்லை. மீதி ஒயரில் பை-வயரிங்கும் போட்டுப் பார்த்தார். மனைவியைத் திரும்பி உட்காரச் சொல்லி, வால்யூமைத் தொடாமல், காசு சுண்டி விழுந்தபடி ஒற்றையாகவும் இரட்டையாகவும் மாற்றி மாட்டினார். ஒவ்வொரு முறையும் ஆம்பிளிஃபையரை அணைத்துவிட்டுத்தான் கை வைத்தார். மாட்டுவதற்குச் சில நிமிடம் ஆகும் என்பதால் இது ஆய்வுக்கூடப் பரிசோதனை இல்லை. வீட்டுக்கு இது போதும்.

பத்தில் ஐந்து சரி. கண்ணை மூடிக்கொண்டு யூகித்தாலும் அவ்வளவுதான் வரும்.

"எனக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியலைங்க. காது போச்சோ?" என்றார் மனைவி.

பட்டையைத் திரும்ப மாட்டி, ஒற்றை ஒயரோடு கடைசியாகப் பாட்டைப் போட்டார். பல்லவி முடிவதற்குள் அவர் கையை உயர்த்தினார். "நிறுத்துங்க. பாடுறவரு நடுவுல இல்ல. ரெண்டு பக்கமும் சிதறிப் போயிருக்காரு. மத்தளமும் சொரத்தில்லாம இருக்கு."

போய்ப் பார்த்தால், ஒரு ஸ்பீக்கரில் சிவப்பும் கறுப்பும் இடம் மாறியிருந்தன. ஒரு கோன் முன்னால் வரும்போது இன்னொன்று பின்னால் போகிறது. கனத்த ஒலி ஒன்றை ஒன்று தின்றுவிடும், குரல் நடுவிலிருந்து கலைந்துவிடும். எத்தனை விலை ஒயர் போட்டாலும் இந்தத் தவற்றைச் சரிசெய்யாது. சரியாக மாட்டினால் செலவே இல்லை.

"காது போகலம்மா. எனக்குத்தான் கண்ணு போச்சு" என்று சிரித்தபடி மாற்றி மாட்டினார்.

அவர் மனைவிக்கு இது புதிதில்லை. சிறுமியாக இதே கூடத்தில் தார் சுற்றிக்கொண்டிருந்தபோது, இலங்கை வானொலி ஒரு பக்கம் பாடும், தறி ஒரு பக்கம் அடிக்கும். நாடா தடுமாறினால் சத்தத்திலேயே தெரிந்துவிடும், அப்பா எழுந்து பார்ப்பதற்குள் இவர் சொல்லிவிடுவாராம்.

பென்ஷன் பணம் மிச்சம். தறிக்குழி இருந்த இடத்தில் ஒரு பாய் போட்டிருக்கிறார்கள். பாட்டு நடுவில் வருவது அங்கேதான். சாயங்காலம் அந்த இடம் அம்மாவுக்கு.