ராக் ஆற்றின் மேல், திறந்த விமானத்தில்

அந்த விமானத்தில் இருந்த கருவிகள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும். உயரமானி, வேகமானி, எண்ணெய் அழுத்தம் காட்டும் முள், ரேடியேட்டர் தண்ணீரின் சூட்டைக் காட்டும் முள், திரவத்தில் மிதக்கும் ஒரு காம்பஸ். பெட்ரோல் எவ்வளவு மிச்சம் என்பதை டாங்க் மூடியின் துளை வழியே மேலே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கம்பி சொல்லும். கம்பியின் அடியில் தக்கை இருக்கிறது. பெட்ரோல் குறையக் குறையக் கம்பி உள்ளே இறங்கும். ஜி.பி.எஸ். இல்லை. கதவு இல்லை, கண்ணாடிக் கூரையும் இல்லை. இப்படிப்பட்ட ஒன்றில் ஏறி, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பிராட்ஹெட் என்ற ஊரின் புல்தரையிலிருந்து எழும்பி, சுமார் 70 மைல் வடகிழக்கே இருக்கும் ஹார்ட்ஃபர்டில் போய் இறங்கினோம்.

விமானத்தின் பெயர் ஏர் கேம்பர். பக்கத்து மாநிலமான மினசோட்டாவில் செர்ரி குரோவ் என்ற சிற்றூரில் மெக்கானிக்காக இருந்த பெர்னார்ட் பீட்டன்போல் வடிவமைத்தது. விமானக் கல்லூரி எதிலும் படிக்காதவர் அவர். ஃபோர்டு மாடல் ஏ காரின் இன்ஜினைக் கழற்றி, மரச்சட்டத்தில் பூட்டி 1929இல் பறந்தார். கார் இன்ஜினை வைத்து உருப்படியாகப் பறக்க முடியாது என்று ஒரு பத்திரிகை ஆசிரியர் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்த காலம். பீட்டன்போல் இரண்டு விமானங்களை மினியாபொலிஸுக்கே பறக்கவிட்டுக் கொண்டுபோய் அவர் கண்ணெதிரே நிறுத்தினார். பிறகு அந்த ஆசிரியரே ஏர் கேம்பரின் வரைபடங்களை வெளியிட்டார். அந்த வரைபடங்களை வைத்து இன்றும் பலர் தங்கள் வீட்டுக் கொட்டகையில் இதைக் கட்டுகிறார்கள். ஆண்டுதோறும் ஜூலையில் பிராட்ஹெட் புல்தரையில் கூடுகிறார்கள். மேடிசனில் தங்கை வீட்டுக்குப் போயிருந்த நான் அந்தக் கூட்டத்தைப் பார்க்கத்தான் போனேன். அங்கே பழக்கமான ஒரு பெரியவர், பள்ளியில் மரவேலை சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர், முன்னிருக்கை காலியாக இருக்கிறது, வருகிறீர்களா என்று கேட்டார்.

ஏறுவதற்கு முன்னால் இறக்கையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். மரச்சட்டத்தின் மேல் துணி. துணியின் மேல் பூச்சு மேல் பூச்சாகப் பூசி இறுக்கியிருந்தார். விரலால் தட்டினால் வார்பிடித்த தவிலின் வலந்தலை போலக் கணீரென்றது. தவில் மேதை வலங்கைமான் சண்முகசுந்தரத்தின் ஊர்க்காரன் நான். அந்த நாதம் எனக்குத் தெரியும். ஒட்டிய ஒவ்வொரு மூட்டும், கட்டிய ஒவ்வொரு நூல் முடிச்சும் பெரியவரின் கைபட்டது. வேலையில் பெரும்பகுதியைத் தொழில்முறையல்லாத ஒருவர் தம் ஆர்வத்துக்காகச் செய்திருந்தால்தான் வீட்டில் கட்டிய விமானம் என்ற வகையில் சேர்ப்பார்கள் என்பது அந்த நாட்டுச் சட்டம். பயணி கண்ணில் படும்படி ஓர் எச்சரிக்கைத் தகடும் வைக்க வேண்டும்: இது வீட்டில் கட்டியது, வழக்கமான விமானங்களுக்குரிய பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டதல்ல என்று. முன்னிருக்கையில் என் முழங்காலுக்கு எதிரே இருந்தது அந்தத் தகடு. நிதானமாக, முழுதும் படித்தேன்.

இது நமக்கு அந்நியமான பித்து அல்ல. 1909 ஜூலையில் பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்த செய்தி சென்னைக்கு வந்தபோது, மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திக்கொண்டிருந்த ஜாக்கமோ டி ஏஞ்சலிஸ் என்பவருக்கு விமானம் கட்டும் ஆசை வந்தது. கோச்சு வண்டிகள் செய்துவந்த சிம்ப்சன் கம்பெனியில் தம் வடிவமைப்பைக் கொடுத்து இரட்டை இறக்கை விமானம் ஒன்றைச் செய்யச் சொன்னார். 1910 மார்ச்சில் பல்லாவரத்தில் அது எழும்பியது. ஓட்டல்காரர் ஒருவரும் வண்டி செய்யும் தச்சர்களுமாகச் சேர்ந்து செய்தது! இன்று அதே பல்லாவரத்தின் பக்கத்தில் ஜெட் விமானங்கள் நிமிடத்துக்கு நிமிடம் இறங்குகின்றன. டி ஏஞ்சலிஸ் பெயரை எத்தனை பேர் சொல்வார்கள்? பள்ளிக்கூடப் பாடத்தில் இருக்க வேண்டிய பெயர் என்று நினைக்கிறேன்.

பெரியவர் வரைபடத்தைப் புல்லின் மேல் விரித்தார். ஒரு சென்டிமீட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் என்ற அளவில் விமானிகளுக்காகவே அச்சிடும் படம். பென்சிலால் பிராட்ஹெட்டுக்கும் ஹார்ட்ஃபர்டுக்கும் நேர்கோடு போட்டு, பத்து மைலுக்கு ஒரு குறுக்குக்கோடு வைத்தார். மணிக்கு 70 மைல் போகும் விமானம், மேற்கிலிருந்து காற்று. பின்னிருந்து கொஞ்சம் தள்ளும், பக்கவாட்டில் கொஞ்சம் இழுக்கும். ஆகவே மூக்கை ஏழு டிகிரி இடப்புறம் திருப்பி வைத்துக்கொண்டால் கோட்டின் மேலேயே போகலாம், குறுக்குக்கோட்டுக்குக் குறுக்குக்கோடு எட்டு நிமிடம் ஆகும் என்று கணக்குப் போட்டார். பிறகு படத்தை மடித்து, என் தொடையில் ரப்பர் பட்டையால் கட்டிவிட்டார். "வழி சொல்வது நீங்கள். நான் பின்னால் இருப்பேன், என் குரல் கேட்காது. இடது என்றால் இடக்கையை நீட்டுங்கள்."

முன்னிருக்கையில் நுழைவதே ஒரு வித்தை. இறக்கை நேர் மேலே இருக்கிறது. அதைத் தாங்கும் தண்டுகளுக்கும் கம்பிகளுக்கும் இடையே காலை ஒவ்வொன்றாக உள்ளே விட வேண்டும். நண்பர் ஒருவர் புரொப்பெல்லரைக் கையால் சுழற்றினார். இன்ஜின் பிடித்துக்கொண்டது. புல்லில் தடதடத்து ஓடிய ஓட்டம் எங்கே நின்றது, பறப்பு எங்கே தொடங்கியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதிர்வு நின்றதும் பார்த்தால் வேலிக்கம்பி காலுக்குக் கீழே இருந்தது.

ஜெட் விமானத்தின் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்ப்பதை நான் இனிமேல் பறப்பது என்று சொல்ல மாட்டேன். இங்கே காற்றுக்கு எடை இருந்தது, வாசனையும் இருந்தது. அறுத்துக் காயப்போட்ட புல், மாட்டுப்பண்ணை, ஈரமண் என்று ஒவ்வொன்றையும் கடந்து போகும்போது மூக்கு அறிந்தது. ஆயிரம் அடி உயரத்திலிருந்து பார்த்தபோது ஒரு சிறுவன் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கையசைப்பது தெரிந்தது. நானும் கையசைத்தேன்.

கீழே பூமி சதுரம் சதுரமாகக் கிடந்தது. 1785இல் அந்த நாடு ஒரு சட்டம் போட்டு, மேற்கே இருந்த நிலத்தையெல்லாம் வடக்கு தெற்கு, கிழக்கு மேற்காக ஒரு மைல் சதுரங்களாக அளக்கத் தொடங்கியது. ஒரு சதுரம் 640 ஏக்கர். எங்கள் கணக்கில் கிட்டத்தட்ட 96 வேலி. பல இடங்களில் அந்தச் சதுரக் கோடுகளின் மேலேயே சாலை போட்டிருக்கிறார்கள். அதனால் காம்பஸ் பழுதானாலும் சாலையைப் பார்த்து வடக்கைச் சொல்லிவிடலாம். சாலைகளைக் கடக்க ஆகும் நேரத்தை வைத்து வேகத்தையும் கணக்கிடலாம். மாவும் குழியுமாகத் துண்டுபட்டு, வாய்க்கால் வளைந்த பக்கமெல்லாம் வரப்பும் வளைந்துபோகும் நிலத்தில் பிறந்தவனுக்கு இந்த நேர்கோடுகள் பெரிய ஆச்சரியம். மண்ணைப் பார்க்காமலே காகிதத்தில் முதலில் கோடு போட்டு, பிறகு மண்ணுக்கு வந்தவர்களின் ஊர் இது. எங்கள் பக்கம் தண்ணீர்தான் முதலில் கோடு போட்டது.

இரண்டாவது குறுக்குக்கோட்டைத் தாண்டியதும் கோஷ்கோனாங் ஏரி வலப்புறம் விரிந்தது. 10,000 ஏக்கருக்கு மேல் பரப்பு, ஆழம் குறைவு. நேர்கோடு ஏரியின் ஓரத்தை வெட்டிக்கொண்டு போகிறது. ஆனால் பெரியவர் கரைக்கு மேலேயே ஒதுங்கிப் பறந்தார். ஒற்றை இன்ஜின், அது நின்றால் இறங்கத் தரை வேண்டும். என் தோளைத் தட்டி ஏரியைக் காட்டினார். மேற்குக் கரையோரம் தண்ணீர் சலனமில்லாமல் பளபளத்தது, கிழக்கே போகப் போகச் சுருக்கம் விழுந்திருந்தது. கரையிலுள்ள மரங்கள் காற்றை மறிக்கும் பக்கம் நீர் வழவழப்பாக இருக்கும். ஆக, காற்று இன்னும் மேற்கிலிருந்துதான் வருகிறது. குளத்தைப் பார்த்துக் காற்றின் திசையை அறிய இவ்வளவு எளிய வழி இருப்பது, குளத்தங்கரையிலேயே வளர்ந்த எனக்கு அதுவரை தெரியாது.

ஏரியின் வடகிழக்கு மூலையில் ராக் ஆறு உள்ளே வருகிறது. அதைப் பிடித்துக்கொண்டு ஆற்றுக்கு எதிராக மேலே போக வேண்டும். என் வேலை அங்கேதான் கடினமானது. ஃபோர்ட் அட்கின்சன் ஊரில் வலப்புறத்திலிருந்து பார்க் என்ற ஆறு வந்து சேர்கிறது. ஜெஃபர்சன் ஊரில் இடப்புறத்திலிருந்து கிராஃபிஷ் ஆறு வந்து சேர்கிறது. கீழிருந்து மேலே போகிறவனுக்கு ஒவ்வொரு கூடுதுறையும் ஒரு கேள்வி: இதில் எது நம் ஆறு? படத்தில் பாலங்களை எண்ணினேன், தண்டவாளம் எந்தப் பக்கம் கடக்கிறது என்று பார்த்தேன், இடது வலது என்று கையை நீட்டினேன். விமானம் என் கைக்குக் கட்டுப்பட்டுச் சாய்ந்தது.

அப்போதுதான் காவிரி நினைவுக்கு வந்தது. உலகத்தில் பெரும்பாலான ஆறுகள் சேர்ந்து சேர்ந்து பெரிதாகின்றன; கடலை நோக்கிப் போனால் வழி தவறாது. எங்கள் டெல்டாவில் நேர்மாறு. முக்கொம்பில் கொள்ளிடம் பிரிகிறது. கல்லணையில் வெண்ணாறும் கல்லணைக் கால்வாயும் பிரிகின்றன. காவிரியிலிருந்து குடமுருட்டி, அரசலாறு. தென்பெரம்பூரில் வெண்ணாற்றிலிருந்து வெட்டாறு. நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பில் கோரையாறு, பாமணியாறு. அதன் பின் வாய்க்கால்கள், கன்னிகள். கல்லணையிலிருந்து கிழக்கே பறந்து வருகிற ஒருவன் எங்கள் ஊரான வலங்கைமானுக்கு வர வேண்டுமானால் குடமுருட்டியை விடக்கூடாது. அரசலாற்றைப் பிடித்தால் காரைக்காலில் கடலைப் பார்ப்பான். வெட்டாற்றைப் பிடித்தால் நாகூரில். ஆனால் வழி தவறிய அதே ஆள் விமானத்தைத் திருப்பி, கண்ணில் படும் எந்த ஆற்றையாவது பிடித்துக்கொண்டு நீருக்கு எதிராக மேற்கே போனால் போதும். ஏதோ ஒரு தலைப்பு வரும், அதற்கு மேல் இன்னொரு தலைப்பு, கடைசியில் கல்லணை. நாற்றங்காலுக்குத் தண்ணீர் வராதபோது எங்கள் ஊர் விவசாயிகள் மடையிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து தலைப்பு என்று நடந்து போய்த் தேடுவது இந்த வழியைத்தான். இத்தனை காலம் அந்த நிலத்தின் மேல் நடந்திருக்கிறேன். அதன் வடிவம் இந்த விஸ்கான்சின் வானத்தில்தான் எனக்குப் புலப்பட்டது.

ஜெஃபர்சனுக்கு அப்பால் ஆற்றை இடப்புறம் விட்டுவிட்டோம். அங்கிருந்து சதுரங்களுக்கு இடையே நீள்நீளமான மேடுகள் வரத் தொடங்கின. ஒன்றல்ல இரண்டல்ல, பார்க்கும் தொலைவு வரை. எல்லாமே ஏறக்குறைய வடக்கு தெற்காக நீண்டு கிடந்தன. பனியுகத்தில் வடக்கிலிருந்து நகர்ந்து வந்த பனிப்பாளம் மண்ணை இழுத்து இழைத்த தடம் அவை. டிரம்லின் என்கிறார்கள். பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உருகிப்போன பனி எந்தத் திசையில் போனது என்று இன்றும் தரையில் எழுதியிருக்கிறது. அந்த எழுத்தை வைத்து ஒரு மர விமானம் திசை பார்க்கிறது. என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை.

பெரியவர் மறுபடி தோளைத் தட்டினார். முன்னால், வலப்புறத் தொடுவானத்தில், ஒரு குன்றின் மேல் இரண்டு கோபுரங்கள். ஹோலி ஹில் மாதா கோயில். அது வலப்புறம் இருக்கும்வரை ஹார்ட்ஃபர்டைத் தவறவிட முடியாது என்று கிளம்புமுன்பே சொல்லியிருந்தார்.

கோபுரத்தை வைத்து நிலத்தை அறிவது எங்கள் மண்ணில் நடந்த கதையும்கூட. இந்தியாவை முக்கோணங்களாக அளந்து வந்த வில்லியம் லாம்ப்டன் தஞ்சை மண்ணுக்கு வந்தபோது திகைத்துப் போனார். ஏறி நின்று பார்க்க ஒரு குன்று இல்லை. எங்கும் தென்னை, பனை. ஆகவே கோயில் கோபுரங்களின் மேல் கருவியை ஏற்றினார். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் 216 அடி விமானத்தில் அரை டன் எடையுள்ள தியோடலைட்டைத் தூக்கும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நெளிந்துபோனது. வாரக்கணக்கில் தாமே உட்கார்ந்து தட்டி நிமிர்த்தி அளவையைத் தொடர்ந்தார். அவர் அன்று தேடிய உயரத்தில் நாங்கள் இன்று உட்கார்ந்திருந்தோம், பெட்ரோலும் துணியும் கொடுத்த உயரத்தில்.

கோபுரங்கள் வலது தோளுக்கு நேராக வந்தன. ஹார்ட்ஃபர்டின் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது, பிறகு புல் ஓடுபாதை. இன்ஜின் சத்தம் தணிந்தபோது கம்பிகளில் காற்று பாடுவது கேட்டது. இறங்கி நின்ற பிறகும் காதில் அதே ரீங்காரம்.

நிழலில் உட்கார்ந்து அவர் காபி ஊற்றினார். உங்கள் ஊர் எப்படி இருக்கும் என்று கேட்டார். வெடிக்கும் பாடைக்காவடிக்கும் பேர்போன ஊர் என்று சொல்லி, படத்தின் பின்புறத்தில் ஆறுகளை வரைந்தேன். கல்லணையில் தொடங்கி விரல் விரலாக. அவர் பென்சிலை வாங்கிக்கொண்டார். கல்லணையிலிருந்து வலங்கைமான் எவ்வளவு? ஏறக்குறைய நேர் கிழக்கே 40 மைல் என்றேன். காற்று? ஆடி மாதம் என்றால் மேற்கிலிருந்து, அம்மியையும் தூக்கும் காற்று. போவதற்கு அரை மணிகூட ஆகாது, திரும்ப ஒரு மணி ஆகலாம் என்று ஓரத்தில் எழுதினார்.

"எங்கே இறங்குவது?"

ஆடியில் வயலெல்லாம் குறுவைக்குத் தண்ணீர் நிற்கும் என்றேன். தை, மாசியில் அறுவடை முடிந்தால்? உளுந்து தெளித்திருப்பார்கள், அதோடு எட்டடிக்கு ஒரு வரப்பு, சக்கரம் தாங்காது. யோசித்தார். கோடையில் ஆறு வற்றுமா? வற்றும், பங்குனி, சித்திரையில் குடமுருட்டி பல நாள் வெறும் மணல்தான். அதன் அகலம் எவ்வளவு, வளைவில்லாமல் நேராக 300 மீட்டர் எங்கே கிடைக்கும், மணல் கெட்டியா பொலபொலப்பா என்று வரிசையாகக் கேட்டார். வெறும் பேச்சுக்காக அவர் கேட்கவில்லை. ஊருக்குப் போனதும் பாலத்திலிருந்து இறங்கி நடந்து அளந்து எழுதுகிறேன் என்றேன். அந்த நேரத்தில் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதையும் சேர்த்து எழுதச் சொன்னார்.