கொண்டு வா, கொண்டு போ

"பாரோ மீ யுவர் அழிப்பான்" என்பான் ஒருவன். "ஓகே, ஐ பாரோ யூ" என்று நீட்டுவான் மற்றவன். அழிப்பான் கைமாறிவிடும். கேட்டவனுக்கும் கொடுத்தவனுக்கும் ஒரு குழப்பமும் இல்லை. தலையில் கை வைத்துக்கொள்வது டியூஷன் அக்கா மட்டும்தான்.

ஸ்கூடாயில், தாமான் துன் அமினாவின் தொடர்வீடு ஒன்றில், காடி நிறுத்தும் இடத்தில் பாய் விரித்து அந்த வகுப்பு நடக்கும். வெண்பலகையில் சோடி சோடியாகச் சொற்கள்: அஃபெக்ட், எஃபெக்ட், பிரின்சிபல், பிரின்சிபல், ஸ்டேஷனரி, ஸ்டேஷனரி. இப்படித் தமிழில் எழுதிப் பார்த்தால் தெரிகிறது, பின் இரண்டு சோடிகளுக்கும் காதில் வேறுபாடே இல்லை. தலைமையாசிரியரா கொள்கையா, நகராமல் நிற்பதா தாளும் பேனாவுமா என்பதைக் கண்தான் பிரிக்க வேண்டும்.

தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு இது புதிதல்ல. அரம் வேறு அறம் வேறு, பனி வேறு பணி வேறு என்று மயங்கொலிப் பாடத்தில் ஏற்கெனவே குட்டுப்பட்டு வந்தவர்கள். "இங்கிலீஷ்லயும் சின்ன ர, பெரிய ற இருக்காக்கா?" என்றாள் ஒருத்தி. "ஆமாலா, அங்க இன்னும் நெறைய" என்றார் அக்கா.

அந்த ஸ்டேஷனரியின் கதை எனக்குத் தெரியவந்தது வெகுகாலம் கழித்து. இடைக்கால ஐரோப்பாவில் சரக்கைச் சுமந்துகொண்டு ஊர் ஊராய் அலைந்த வணிகர்கள் ஏராளம். பல்கலைக்கழகத்தை ஒட்டி ஓரிடத்தில் நிலையாகக் கடை வைத்துப் புத்தகம் விற்றவரை லத்தீனில் ஸ்டேஷனாரியஸ் என்றார்கள், ஓரிடத்தில் நிற்பவர் என்ற பொருளில். அவர் விற்றது ஸ்டேஷனரி. நகராமல் நிற்பதும் ஸ்டேஷனரி. ஒரே வயிற்றுப் பிள்ளைகள். ஓர் உயிரெழுத்தில் பாகம் பிரிந்துகொண்டார்கள். மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில், தாமான் யுனிவெர்சிட்டியில் நகலெடுக்கும் கடைகளைக் கடக்கும்போது இது நினைவுக்கு வரும். பல்கலைக்கழகம் எங்கே இருக்கிறதோ அங்கே இன்னும் அந்த வணிகர் நிற்கத்தான் செய்கிறார்.

அழிப்பானுக்கு வருகிறேன். மலாய்ப் பேச்சில் வாங்கினாலும் பிஞ்ஜாம், கொடுத்தாலும் பிஞ்ஜாம். மாண்டரினிலும் இரண்டுக்கும் ஜியே என்ற ஒரே சொல்தான். பசாரிலும் பள்ளித் திடலிலும் இந்த இரண்டையும் கேட்டு வளரும் பிள்ளைக்கு பாரோ ஒன்றே போதும் என்று தோன்றுவது இயல்பு. லெண்ட் எதற்கு, தண்டச் செலவு. அக்கா பலகையை விட்டுவிட்டு அழிப்பான் கேட்டவனிடமே கேட்டார்:

"தம்பி, நீ இரவல் வாங்குறியா, கொடுக்குறியா?"

"வாங்குறேன்க்கா."

"அப்போ பாரோ. அவன் கொடுக்குறான், அது லெண்ட்."

அவ்வளவுதான். இங்கிலீஷ் கேட்கும் கோட்டைத் தமிழ் ஏற்கெனவே போட்டு வைத்திருந்தது.

பிரிங், டேக் இரண்டும் அப்படியே. மலாயில் பாவா ஒன்று போதும். தமிழில் கொண்டு வா வேறு, கொண்டு போ வேறு. வருவதும் தருவதும் தன்மை, முன்னிலைக்கு உரியவை, செல்வதும் கொடுப்பதும் படர்க்கைக்கு உரியவை என்று தொல்காப்பியம் சொல்லதிகாரத்திலேயே வகுத்துவிட்டது. பொருள் யாரை நோக்கி நகர்கிறது என்பதே அங்கே இலக்கணம். தொல்காப்பியம் படிக்காத தோட்டத்துப் பாட்டியும் இதில் ஒரு நாளும் தடுமாறியதில்லை. செண்ட் மட்டும் இன்னும் நம் ஊரில் திருந்தவில்லை. கடிதம் அனுப்புவதும் ஆளைக் கொண்டுபோய் விடுவதும் மலாயில் ஹந்தார் என்பதால், "அப்பா செண்ட் மீ டு ஸ்கூல்" என்று பிள்ளைகள் சொல்கிறார்கள், அப்பா தபால்தலை ஒட்டி அனுப்பியது போல.

அந்த வகுப்பு முடியும் நேரத்துக்கு மாமா ஒருவர் வருவார், மகளை அழைத்துப்போக. சிங்கப்பூரில் கிடங்கு வேலை. விடியுமுன் மோட்டார் சைக்கிளில் கிளம்பி, கடற்பாலத்தில் காத்துக் கிடந்து, இருட்டியபின் திரும்புகிறவர். "தம்பாக்குல ரெண்டு ஜாம் ஜாம்மா" என்பார். மலாயில் தம்பாக் என்றால் அந்தக் கடற்பாலம், ஜாம் என்றால் மணி நேரம். பின்னது இங்கிலீஷ் ஜாம். ஸ்கூடாய்க்காரருக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஒரு நாள் அவர் கேட்டார்: "கரெக்டுக்கு இன் போட்டா கரெக்ட் இல்லைன்னு அர்த்தம். அப்போ டிரம்ல இன்ஃப்ளேமபிள்னு போட்டிருந்தா தீப்பிடிக்காதுன்னுதானே?"

நியாயமான கேள்வி. அந்த இன், இல்லை என்னும் இன் அல்ல. தீ மூட்டுதல் என்ற லத்தீன் வினையோடு ஒட்டி வந்தது. ஃப்ளேமபிள், இன்ஃப்ளேமபிள் இரண்டும் எரியும். மாமாவைப் போல எண்ணக்கூடியவர்கள் உண்டு என்பதால்தான் அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் 1920களிலேயே ஃப்ளேமபிள் என்றே எழுதச் சொன்னது. நம் ஊர்ப் பலகைகளின் முடா தெர்பாகார் யாரையும் ஏமாற்றாது. எளிதில் எரியும், முடிந்தது கதை. ஆனால் எளிய சொல்லும் ஏமாற்றுவது உண்டு. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் தீக்காப்புறுதி நிறுவனமொன்றில் வேலை பார்த்த மொழியறிஞர் பெஞ்சமின் லீ வோர்ஃப், காலி பெட்ரோல் டிரம்களைப் பற்றி எழுதியிருக்கிறார். காலி என்ற சொல்லை நம்பி அதன் பக்கத்தில் புகைப்பார்கள். உள்ளே நிறைந்திருப்பதோ நிறைந்த டிரம்மைவிட ஆபத்தான ஆவி.

2003இல் மலேசியப் பள்ளிகளில் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாறியபோது பலகையில் புதுச் சோடிகள் ஏறின. மாஸ், வெயிட். கடைத் தராசு இந்த வேறுபாட்டைக் காட்டாது. நிலாவுக்குப் போனால் வெயிட் ஆறில் ஒரு பங்காகும், மாஸ் அப்படியே இருக்கும் என்று அக்கா நிலாவைத் துணைக்கு அழைத்தார். 2009இல் கொள்கையைக் கைவிடுவதாக அறிவித்து, 2012 முதல் பழையபடி மாற்றத் தொடங்கினார்கள். பிள்ளைகள் நடுவில் மாட்டிக்கொண்டார்கள்.

இன்றைக்கு அந்தப் பலகையை நான் எழுதினால் நடுவில் கோடு போட்டுவிடுவேன். ஒரு பக்கம் எழுத்தில் மட்டும் பிரிபவை. அவற்றை மனப்பாடம் செய்யலாம், அகராதியைப் பார்க்கலாம். மறந்தாலும் யாரும் சாகமாட்டார்கள். கைப்பேசியின் திருத்தியை மட்டும் நம்ப முடியாது, இரண்டுமே சரியான சொற்கள் என்று பல நேரம் அது பேசாமல் விட்டுவிடும். மறு பக்கம் செயலில் பிரிபவை: யார் வாங்கியது, எது எரியும், டிரம்முக்குள் என்ன இருக்கிறது. இவற்றுக்குப் பட்டியல் உதவாது. பிள்ளையைத் தமிழிலேயே கேள்வி கேட்க வேண்டும். இங்கிலீஷ் வர வேண்டுமானால் வீட்டில் தமிழை நிறுத்துங்கள் என்று அறிவுரை சொல்கிறவர்கள், அந்தக் கேள்வியைக் கேட்கும் வாயைத்தான் அடைக்கிறார்கள்.