பனியாற்றின் அடியிலிருந்து எழும் இரை

ஏப்ரல் 18

நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில், 79 பாகை வட அட்சரேகையை ஒட்டி அமைந்த நீ-ஓலசுண்ட் ஆய்வுக் குடியிருப்பில், ஏறத்தாழ இந்நாளில் தொடங்கும் நள்ளிரவுச் சூரியன் ஆகஸ்ட் 24 வரை மறைவதில்லை. குடியிருப்பின் முன் விரியும் கோங்ஸ்ஃபியோர்டன் ஒரு ஃபியோர்டு. அதாவது, பழங்காலப் பனியாறுகள் குடைந்த பள்ளத்தாக்கினுள் கடல் புகுந்து உண்டாக்கிய நீண்ட, ஆழமான நுழைகுடா. அதன் உட்கோடியில் குரோனெப்ரேன், கோங்ஸ்ப்ரேன் முதலிய பனியாறுகள் செங்குத்துச் சுவர்களாகக் கடலில் முடிகின்றன. இவ்வகையைக் கடல்முனைப் பனியாறு எனலாம்.

ஜூன் நடுப்பகுதி

கிட்டிவேக் எனப்படும் கருங்கால் கடற்காகங்கள் பாறை விளிம்புகளில் அடைகாக்கும் காலம் இது. மூழ்கி வேட்டையாடும் திறன் இப்பறவைக்கு மிகக் குறைவு. நீர்மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழேயோ கிடைப்பதையே அது கொத்த முடியும். அதன் இரைகளுள் முக்கியமான, கூனி இறாலை ஒத்த கிரில் என்னும் சிற்றுயிரோ பகலில் பெரும்பாலும் ஆழத்தில் வாழ்வது. ஆகவே, ஆழத்து இரையை மேலே கொண்டுவர வேறொரு விசை தேவைப்படுகிறது.

ஜூலை

அவ்விசையைத் தருவது உருகுநீரே. பனியாற்றின் மேற்பரப்பில் உருகும் நீர், வெடிப்புகளின் வழியே அடித்தளத்துக்கு இறங்கி, பாறைக்கும் பனிக்கும் இடையே ஓடி, கடல்மட்டத்துக்குப் பல பத்து மீட்டர் கீழே, பனிச்சுவரின் அடியில் பீறிட்டு வெளிப்படுகிறது. நன்னீர் கடல்நீரைவிட அடர்த்தி குறைந்தது என்பதால் சுவரை ஒட்டி வேகமாக மேலெழுகிறது. எழும்போது சுற்றியுள்ள உப்புநீரைத் தன் அளவைப் போலப் பல மடங்கு இழுத்துக்கொண்டு வருகிறது. அந்நீரோடு கிரிலும் பிற மிதவை விலங்குகளும் மேலே வந்து சேர்கின்றன. உப்புச்செறிவு திடீரெனக் குறைவதால் அவற்றுட் பல செயலிழக்கின்றன, இறப்பனவும் உண்டு. வண்டல் கலந்து பழுப்பாகத் தெரியும் இவ்விடங்களைப் பறவைக்கூட்டங்கள் மொய்க்கும் காட்சி, குஞ்சுகளுக்கு இரை தேடும் இம்மாதத்தில் கண்கொள்ளாதது.

எனினும் எல்லாப் பறவைகளுக்கும் இது விருந்தன்று. லிட்டில் ஆக் என்னும் சிறு கடற்பறவை நீரினுள் மூழ்கிக் கண்ணால் கண்டு இரை பிடிப்பது. வண்டல் கலங்கிய நீரில் அதனால் திறம்பட வேட்டையாட இயலாது என்பதால் தெளிந்த நீரையே நாடுகிறது. ஒரே உருகுநீர் ஒரு பறவைக்கு வழிதிறந்து மற்றொன்றுக்கு வழியடைப்பதை, இந்நிகழ்வின் மிக நுட்பமான பகுதி என்றே கொள்ள வேண்டும்.

இந்த நீரை அளக்கும் முயற்சியும் நடந்தது: 2014 ஜூலையில், சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் பங்களிப்போடு, இண்டார்க் என்னும் இந்திய நங்கூரமிட்ட ஆய்வுக்கருவித் தொகுதி இந்த ஃபியோர்டிலேயே இறக்கப்பட்டது. நீரின் வெப்பத்தையும் உப்புச்செறிவையும் பல ஆழங்களில் அளப்பதற்காக அது அமைக்கப்பட்டது.

ஆகஸ்ட் 24

குஞ்சுகள் பெரும்பாலும் பறந்துவிட்ட நிலையில், சூரியன் மீண்டும் அடிவானுக்குக் கீழே இறங்கத் தொடங்குகிறது. ஜிபிஎஸ் கருவி பொருத்திக் கண்காணிக்கப்பட்ட கிட்டிவேக்குகள் பனிச்சுவர்களை ஆண்டுக்கு ஆண்டு வெவ்வேறு அளவில் நாடியதையும், வெளிக்கடலுக்கும் இரைதேடிச் சென்றதையும் ஆய்வுகள் காட்டுகின்றன. எனவே பனிச்சுவரை அவற்றின் ஒரே இரைக்களமாகக் கருதுவது தவறு.

அக்டோபர் 24

துருவ இரவு தொடங்கும் நாள். இதே ஃபியோர்டில் ப்ளூம்ஸ்ட்ராண்ட் பனியாறு பின்வாங்கியதால், தீபகற்பம் என்று கருதப்பட்டுவந்த நிலப்பகுதி தீவு என்பது 1990களில் தெரியவந்தது. பின்வாங்கும் பனியாறு கரையேறிவிட்டால், உருகுநீர் ஆழத்திலிருந்து எழாமல் ஆறாக மேற்பரப்பில் வந்து சேரும். வண்டல் வரும், ஒளியும் மங்கும், ஆனால் கீழிருந்து இரையையோ ஊட்டச்சத்தையோ தூக்கிவரும் எழுச்சி நின்றுபோகும். ஆகவே உருகுநீர் மிகுந்தால் இரையும் மிகும் என்று கணக்கிடுவது பிழை. நீர் எங்கே வெளிப்படுகிறது என்பதே இங்கு முதன்மையானது. கிரீன்லாந்தில், பனியாறுகள் நிலத்திலேயே முடியும் யங் சவுண்டு ஃபியோர்டில், கோடைகால மிதவைத் தாவர உற்பத்தி, கடல்முனைப் பனியாறுகள் கொண்ட கோட்ஹோப்ஸ்ஃபியோர்டில் உள்ளதைவிட மிகக் குறைவு.