பத்தாங் பெர்ஜுந்தை: ஆலைக் கழிவில் பிறந்த மின்சாரம்

கிள்ளானிலிருந்து வடக்கே, மேரு, ஈஜோக் தாண்டிப் போனால் பெஸ்தாரி ஜெயா. 2007இல் வைத்த பெயர் அது. தோட்டத்துப் பெரியவர்களுக்கு இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். கைவிட்ட ஈயக் குட்டைகள், சிலாங்கூர் ஆறு, ஒரு பல்கலைக்கழக வளாகம், சுற்றிலும் செம்பனை. சுற்றுலாக்காரர்கள் நிற்காமல் கடந்துபோகிற ஊர். ஆனால் கிள்ளான் பள்ளத்தாக்கின் குழாய்நீரில் பாதிக்கும் மேல் இந்த ஆறு தருவது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக்கடையில் டம்ளரில் வைக்கும் தண்ணீருக்கும் இந்த ஊருக்கும் தொடர்பு உண்டு.

மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் இங்கேதான் போடப்பட்டது. தோட்டத்தின் பெயர் தென்னமரம். போட்டவர் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். பிற்பாடு மலாயா வாழ்க்கையை நாவலாக எழுதி 1930இல் கோன்கூர் பரிசு வாங்கினார். வரலாற்றில் அவர் பெயர் நிற்கிறது. லயங்களில் வாழ்ந்து உழைத்த தமிழர்களின் பெயர்களைத் தோட்டத்துப் பழைய சம்பளப் புத்தகங்களில்தான் தேட வேண்டும்.

செம்பனை ஆலை தன் கழிவிலேயே ஓடும். 100 கிலோ குலையில் எண்ணெய் சுமார் 20 கிலோதான். பிழிந்த நாரும் ஓடும் கொதிகலனுக்குப் போகும். அந்த நீராவி குலையை வேகவைக்கும், டர்பைனைச் சுழற்றும். இது பல காலமாக நடப்பது. தலைவலி வேறு இடத்தில்: ஒரு டன் குலைக்கு அரை டன்னுக்கும் மேலாக வெளியேறும் பழுப்புக் கழிவுநீர். சூடாக, எண்ணெய்ப் பிசுக்கோடு வரும் அது ஆற்றில் கலந்தால் தண்ணீரிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். மீன்கள் செத்து மிதக்கும். வீட்டுச் சாக்கடையைவிட நூறு மடங்கு வீரியம் என்று வைத்துக்கொள்ளலாம்.

1974இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது. 1977இல் செம்பனை ஆலைகளுக்கென்றே தனி விதிகள். கழிவுநீரின் ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு 5,000 மில்லிகிராமில் தொடங்கி, 1984க்குள் 100க்கு இறங்க வேண்டும் என்று ஆண்டுவாரியாகக் கெடு வைத்தார்கள். பெரும்பாலான ஆலைகள் குட்டை வெட்டி, கழிவை அதில் புளிக்க விட்டன. மலிவான வழி, ஆனால் குட்டையிலிருந்து மீத்தேன் வானத்துக்குப் போனது. தென்னமரம் தோட்டத்து ஆலை வேறு மாதிரி யோசித்தது. 1980களின் முற்பகுதியிலேயே மூடிய தொட்டியில் கழிவைப் புளிக்கவைத்து, அந்த வாயுவில் எஞ்சின் ஓட்டி மின்சாரம் எடுத்தார்கள். பருவநிலை உடன்படிக்கை எதுவும் உருவாகாத காலம் அது! ஆற்றைக் காப்பாற்றப் போட்ட சட்டத்துக்கு மின்சாரம் உபரி லாபம்.

ஒரு டன் கழிவுநீர் ஏறத்தாழ 28 கன மீட்டர் வாயு தரும். அப்படியிருந்தும் இந்த முறை பரவவில்லை. நாரும் ஓடும் இருக்கும் ஆலைக்கு மேலும் மின்சாரம் எதற்கு? விற்கலாமென்றால் நல்ல விலைக்கு வாங்க ஆளில்லை. 2011இல் புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டமும் நிலையான கொள்முதல் விலையும் வந்த பிறகே கணக்கு மாறியது. 2014 முதல் புதிய ஆலைகள் மீத்தேனைப் பிடித்தே ஆக வேண்டும்.

வெற்றுக்குலைகளையும் எரித்து மின்சாரம் எடுக்கலாம் என்பவர்கள் உண்டு. பகாங்கின் ஜெங்காவில் அதற்கென மின் ஆலையே கட்டினார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. வெற்றுக்குலையில் மூன்றில் இரண்டு பங்கு ஈரம். காயவைத்து, நசுக்கி, லாரியில் ஏற்றும் செலவே பலன் முழுவதையும் தின்றுவிடும். தவிர, அதிலிருக்கும் பொட்டாசியம் மரத்தடிக்குத் திரும்ப வேண்டியது. எரிக்கக் கொடுத்துவிட்டு உரமூட்டை வாங்குவது என்ன சிக்கனம்? கழிவுநீர் அப்படியல்ல. வாயுவை எடுத்த பிறகும் சத்து வண்டலில் நிற்கும். அதைத் தோட்டத்துக்கே பாய்ச்சலாம்.

இன்றும் பல ஆலைகள் வாயுவைப் பிடித்துச் சும்மா எரித்துவிடுகின்றன. காட்டுக்குள் இருக்கிறோம், துணைமின் நிலையம் வரை கம்பி இழுக்கக் கட்டாது என்பார்கள். பகாங் உள்காட்டிலோ சபாவிலோ அது நியாயம்தான். ஒரு நடுத்தர ஆலை தருவது ஓரிரு மெகாவாட். அதற்காக மைல் கணக்கில் கம்பி இழுக்க முடியாது. சிலாங்கூர் சமவெளியில், காப்பார் அனல்மின் நிலையத்தின் கம்பிகள் ஓடும் வட்டாரத்தில், அந்தச் சாக்கு எடுபடாது.