தேய்மானம்

ஓய்வு பெற்றதும் என் தம்பியின் அச்சகத்துக்குக் கணக்கு எழுத ஆரம்பித்தேன். அரசு அலுவலகத்தில் பீரோ வாங்கினால் அந்த வருடமே முழுச் செலவு. பிறகு இருப்புப் பதிவேட்டில் ஒரு வரி, அவ்வளவுதான். வியாபாரக் கணக்கு அப்படியில்லை என்பதை அறுபது வயதில் கற்றேன்.

ஆஃப்செட் மெஷின் 3,00,000 ரூபாய். அதைச் செலவாக எழுதாமல் நிலையான சொத்தாகக் காட்ட வேண்டும். ஆயுள் 15 வருடம், கடைசியில் மிஞ்சும் மதிப்பு 15,000 என்று வைத்து, வருடத்துக்கு 19,000 தேய்மானம் கழித்தேன். மனைக்கு மட்டும் தேய்மானம் கிடையாது. நான் படித்த பிரெஞ்சில் இதை 'அமோர்த்திஸ்மான்' என்பார்கள். அதற்குள் சாவு என்ற சொல் ஒளிந்திருக்கிறது. நம் சொல் பரவாயில்லை, செருப்பு தேய்வதுபோல.

போன வருடம் மெஷின் நின்றுவிட்டது.

"வருஷா வருஷம் 19,000 எழுதினியே அண்ணே, அந்தப் பணம் எங்கே?" என்றான் தம்பி.

தேய்மானம் ரொக்கமாக வெளியே போகாத செலவு. அந்தப் பணம் பேங்கில்தான் இருந்தது. லாபத்தைப் பார்க்காமல் பேங்க் இருப்பைப் பார்த்து அவன் வீட்டுக்கு எடுத்துவந்தான். தனியே ஒதுக்கி வை என்று நான் ஒரு தடவையாவது சொல்லியிருக்க வேண்டும். எழுதினேன், சொல்லவில்லை.

இப்போது புது மெஷினுக்குக் கடன் வாங்கியிருக்கிறான். ஜாமீன் கையெழுத்து என்னுடையது.